985 நாளாக மூடாத திரை

மார்ச் 4, புதன்கிழமை, காலை 10.20.
பெரியப்பா அணையாமல் ஓடும் நாட்கள்: 985.

அக்கா,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் போனுக்குப் பதினாறு தடவை அடித்தேன். ஒரே ஒரு மணி அடித்து அறுந்துபோனால் தடை போட்டிருக்கிறாய் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டியதில்லை. மின்னஞ்சலும் திரும்பி வந்தது. அம்மாவிடம் கேட்டேன். "அவ போன்ல பேச மாட்டாளாம். கையால எழுதிப் போட்டா படிப்பாளாம்" என்றாள். பரீட்சை எழுதி முடித்த பிறகு பேனாவால் முழுப் பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். பெரியப்பாவின் கடவுச்சொல் வேண்டும்.

சர்வருக்கு அந்தப் பெயர் வைத்தவள் நீ. அந்தப் பழைய சர்வர் இன்னும் போக்குவரத்து அலுவலக அடித்தள அறையில், அதே மூலையில்தான் நிற்கிறது. முனகுகிறது, சூடாகிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அவர் இல்லாமல் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. தினமும் மாலை ஐந்து மணிக்கு, மறுநாள் எந்த ஓட்டுநர் எந்தப் பேருந்தை எந்தத் தடத்தில் எடுக்க வேண்டும் என்று பட்டியல் அடித்துக் கொடுக்கிறார். 612 ஓட்டுநர்கள். புது மென்பொருளுக்கு மாறப் போகிறோம் என்று நீ இருக்கும்போதே சொன்னார்கள். இன்னும் சொல்கிறார்கள். மேலாளரும் மாறவில்லை, அதே 'நாளைக்கு' சார்தான்.

நான் ராஜினாமா கொடுத்துவிட்டேன். கடல் தாண்டி ஒரு தரவு மையத்தில் வேலை. ஏப்ரல் 15 அன்று சேர வேண்டும். விடுவிப்புக் கடிதம் இல்லாமல் சேர முடியாது. ஒப்படைப்புப் படிவத்தில் பதினான்கு வரிகள். பதின்மூன்றுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பதினான்காவது: பெரியப்பாவின் தலைமைக் கணக்கு, கடவுச்சொல்லோடு. அது உன் கணக்கு. இன்றைக்கும் உன் கணக்கில்தான் எல்லாம் ஓடுகிறது.

இதோடு இன்னொரு தலைவலி. மார்ச் 28, சனிக்கிழமை, பத்து முதல் நாலு வரை கட்டடம் முழுக்க மின்சாரம் கிடையாது. ஒயர் மாற்றுகிறார்கள். யுபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கும். அணைந்து எழுந்தால் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, திறக்கவே உன் கடவுச்சொல்லைக் கேட்கும். வெளியே ஒரு பென்டிரைவிலிருந்து துவக்கி உள்ளே நுழையலாமே என்று பாடம் எடுக்காதே. வட்டைப் பூட்டியதே நீதான். காப்பு நகல்களும் அதே பூட்டில்தான்.

எழுதி அனுப்பு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து தெளிவாக இருக்கட்டும். பூஜ்யத்துக்கு நடுவே கோடு போடு. பதிவுத் தபால்.

ஒரு செய்தி, சிரிப்பாய் என்று: ஏதோ ஒரு பெரிய நிறுவனம் கடவுச்சொல்லே இல்லாத காலம் வந்துவிட்டது என்று போன வாரம் அறிவித்திருக்கிறது. எனக்கும் அந்தக் காலம்தான் வந்திருக்கிறது.

தம்பி


மார்ச் 8, ஞாயிறு

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை.

கையால்தான் எழுத வேண்டும் என்று ஏன் கேட்டேன் தெரியுமா? திரையில் யார் பெயரில் வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் நுழையலாம். தாளில் இருப்பது உன் எழுத்து, கோழி கிளறினாலும் அது உன் கோழி. இந்த அறிவு எனக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்.

அம்மா மூலம் உனக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. நான் இப்போது ஒரு கடையில் இருக்கிறேன். அச்சுப்பொறி, மடிக்கணினி பழுது பார்க்கிற கடை. மேலே தகரக் கூரை, கீழே நான், நடுவில் ஒரு மின்விசிறி, அதுவும் வாடிக்கையாளர் வந்தால்தான் ஓடும். பதினோரு இடத்தில் நேர்முகத் தேர்வு முடித்தேன். பதினோரு இடத்திலிருந்தும் உங்கள் அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினார்கள். பதினோரு தடவையும் ஒரே பதில்: 'கவனக்குறைவுக்காக நீக்கப்பட்டவர்.' இந்தக் கடை முதலாளியம்மா மட்டும் எங்கேயும் கேட்டு எழுதவில்லை. "எழுதிக் கேக்க எனக்கு எங்கம்மா நேரம், அந்த பிரிண்டரைப் பாரு" என்றார். சேர்ந்துவிட்டேன்.

இங்கே வருகிற எல்லோரும் ஒரே வசனம்தான். "மேடம், நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுடுச்சு." நான் மூன்று கேள்வி கேட்பேன். எப்போது ஆரம்பித்தது? அதற்கு முன்னால் கடைசியாக என்ன மாற்றினீர்கள்? மாற்றியது யார்? முதல் இரண்டுக்குப் பதில் வந்துவிடும். மூன்றாவதுக்கு மட்டும் கூரையைப் பார்ப்பார்கள். பிறகு, "என் பையன்" என்பார்கள். "வீட்டுக்கு வீடு ஒருத்தன் மாட்டிக்கிறான் பாரு" என்று முதலாளியம்மா சிரிப்பார்.

உன்னிடமும் அதே மூன்று கேள்விதான். மூன்றுக்கும் பதில் எழுது, பிறகு கடவுச்சொல்லைப் பற்றிப் பேசலாம்.

முதல் கேள்விக்கு உனக்கே தெரியாமல் பாதிப் பதில் எழுதிவிட்டாய். 985 நாள். காலண்டரைப் பின்னால் புரட்டினேன். வெள்ளிக்கிழமை, ஜூன் 23.

இன்னொன்று. 'இன்றைக்கும் உன் கணக்கில்தான் எல்லாம் ஓடுகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். என்னை வெளியே அனுப்பிவிட்டு, என் பெயரை மட்டும் அடித்தளத்தில் கட்டிப்போட்டு வேலை வாங்குகிறீர்களா? கவனக்குறைவான என் பெயரைத் தினமும் 612 பேர் நம்பி வண்டி எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கு வார விடுமுறையாவது உண்டா?

அக்கா


மார்ச் 12, வியாழன், பகல் 1.05.
நாட்கள்: 993.

அக்கா,

நான் கேட்டது ஒரு கடவுச்சொல். நீ அனுப்பியது கேள்வித்தாள். சரி, எழுதுகிறேன்.

1. எப்போது ஆரம்பித்தது: ஜூன் 23, வெள்ளி, மாலை 4.10.
2. கடைசியாக என்ன மாற்றப்பட்டது: ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு நிறுவப்பட்டது. இயந்திரம் மறுதுவக்கம் செய்யப்பட்டது.
3. பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறது.

போதுமா? இப்போது என் நிலைமையைக் கேள். உன் பெயரைக் கட்டிப்போட்டோம் என்கிறாய். கட்டுண்டு கிடப்பது யார் என்று பார்.

நீ கிளம்பிய நாளன்று கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் போனாய். ஆனால் அதற்கு முன்பே உன் பெயரில் திறந்திருந்த திரை மூடவில்லை. பழைய மென்பொருள், அதற்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. அந்தத் திரை இன்னும் திறந்தே இருக்கிறது. அது வழியாகத்தான் இத்தனை நாளும் பட்டியல் போகிறது. ஒரு தடவை பூட்டிக்கொண்டால் அவ்வளவுதான். புதுக் கணக்கு தொடங்கலாமே என்பாய். தொடங்குவதற்கு முன்னால், "நீங்கள்தானா என்று உறுதிசெய்யக் கடவுச்சொல்லைத் தரவும்" என்று கேட்கிறது.

பதினைந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்த விதியைத் தளர்த்தவும் கடவுச்சொல் வேண்டும். அதனால் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் மல்லாத்தி வைத்து, அதன் மேல் மௌஸை வைத்திருக்கிறேன். விநாடி முள் நகர நகர மௌஸ் யாரோ தன்னை அசைப்பதாக நினைத்துக்கொள்கிறது. அம்புக்குறி திரையில் தடுமாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு தடவை கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினேன். மாற்றுகிற வரைக்கும் இன்னொரு கையால் மௌஸைப் பிடித்துக்கொண்டு, பல்லால் பேட்டரி உறையைக் கிழித்தேன். துப்புரவுப் பணியாளர் பார்த்துவிட்டு, "என்ன சார், மணி பார்க்க மௌஸா?" என்று கேட்டார். யாரும் தொடக் கூடாது என்று தாள் ஒட்டியிருக்கிறேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது என்று உனக்குத் தெரியும். மூன்று அடிக்கு ஒரு குளிர்காற்றுத் துளை, தலைக்கு மேலே பேருந்துகள் திரும்பும்போது கூரை அதிரும். நான் இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு போட்டதில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது வரவில்லை என்று திட்டினாய் அல்லவா? இதனால்தான் வரவில்லை. கடிகாரம் நின்றுவிடுமோ என்று.

கிண்டல் பண்ணாமல் அனுப்பு. பதினாறு நாள்தான் இருக்கிறது.

பின்குறிப்பு: உங்கள் கடையில் பழைய அச்சுப்பொறிகளுக்குப் புது இயக்கி மென்பொருள் (பிரிண்டர் டிரைவர்) போடாதே. இந்த மாதம் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு பாதி அச்சுப்பொறிகள் வெற்றுத் தாளைத் துப்புகின்றன என்று எல்லா இணைய மன்றங்களிலும் அலறுகிறார்கள். முந்தைய பதிப்புக்கே போ.

தம்பி


மார்ச் 16, திங்கள்

தம்பிக்கு,

இயக்கி பற்றிச் சொன்னதற்கு நன்றி. நீ சொல்வதற்கு முன்பே மூன்று அச்சுப்பொறி வந்துவிட்டது, மூன்றையும் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்தேன். வெற்றுத் தாளைப் பார்த்தால் இன்னும் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிறேன், அது ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன் மூன்று பதிலையும் படித்தேன். 'நிறுவப்பட்டது', 'செய்யப்பட்டது'. பேய் வந்து நிறுவியதா? மூன்றாவதில் யார் என்று கேட்டேன், நீ பதிவேட்டைக் காட்டுகிறாய். விசாரணையிலும் இதைத்தான் செய்தாய்.

எனக்கு அந்த அடித்தள அறை ஒவ்வொரு அங்குலமும் ஞாபகம் இருக்கிறது. மேசை, நீலத் துணி போர்த்திய நாற்காலி, சுவரில் நான் எழுதி ஒட்டிய தாள்: 'வெள்ளிக்கிழமை எதையும் புதுப்பிக்காதே.' மேலே விசாரணையில் அதிகாரி உன்னிடம் கேட்டார், "நீங்க அங்க இருந்தீங்களா?" "இருந்தேன் சார்." "என்ன பார்த்தீங்க?" நீ என்னைப் பார்க்கவில்லை. "திரையில அக்கா பேர் இருந்தது சார்." பொய் சொல்லவில்லை நீ. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன்.

நான் அன்றைக்கு விடுப்பில் இருந்தேன் என்று சொன்னேன். வீட்டிலிருந்தும் நுழையலாமே என்றார்கள். நுழையலாம்தான்.

சரி, உன் கடவுச்சொல்லுக்கு வருகிறேன். அது என்னிடம் இல்லை. நான் உன்னைப் போல அவசரக்காரி இல்லை. வெளியேறும் நாளில் நிர்வாகி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். புதுக் கடவுச்சொல் வைத்தேன், தாளில் எழுதினேன், உறையில் போட்டு ஒட்டினேன், ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். அந்த உறையை என் விளக்கக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பின்னடித்து விசாரணைக் கோப்பில் சேர்த்தேன். விளக்கக் கடிதம் நாலு பக்கம். அதை ஒரே ஒருவர் கடைசிவரை படித்திருந்தாலும் உறை கைக்குக் கிடைத்திருக்கும். இரண்டு வருடம் எட்டு மாதமாக நீ அதற்கு இரண்டு மாடி கீழே உட்கார்ந்து மௌஸுக்குக் கடிகாரம் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

போய் எடுத்துக்கொள்.

அக்கா


மார்ச் 20, வெள்ளி, மாலை 5.30.
நாட்கள்: 1001.

அக்கா,

போய்க் கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்குப்பா அந்தப் பழைய கோப்பு?" என்றார் 'நாளைக்கு' சார்.

"ஒரு தாள் பார்க்கணும் சார்."

"மூடின கோப்பு. திறக்கணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். ஒரு நகல் விசாரணைப் பிரிவுக்குப் போகும்."

"சும்மா பார்த்துட்டு உடனே தந்துடறேன் சார்."

"சும்மா பார்க்கறதுக்கு அது என்ன கல்யாண ஆல்பமா? விட்டுட்டுப் போற நேரத்துல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? நாளைக்கு வா, யோசிச்சுட்டு வா."

ஆக, உறை வேண்டுமென்றால் கோப்பு. கோப்பு வேண்டுமென்றால் காரணம். காரணம் எழுதினால் மறுவிசாரணை, ராஜினாமா நிறுத்தி வைக்கப்படும், ஏப்ரல் 15 போய்விடும். எழுதாவிட்டால் 28ஆம் தேதி பெரியப்பா அணைவார். திரும்பி எழ மாட்டார். 612 பேரும் அன்றைக்கு நின்ற மாதிரி மறுபடியும் நிற்பார்கள். எல்லாக் கதவையும் நீ முன்னாலேயே பூட்டிவிட்டு, சாவியை என் தப்பின் அடியில் வைத்திருக்கிறாய். வேண்டுமென்றே செய்தாயா? செய்திருந்தால் சபாஷ். எந்த மென்பொருளிலும் இவ்வளவு நல்ல பூட்டை நான் பார்த்ததில்லை.

கோபத்தில் மேலே உள்ளதை எழுதிவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். பதினொரு நிமிடம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கேள்வி. மாற்றியது நான்.

எனக்குத் தனிக் கணக்கு கேட்டுக் கொடுத்த படிவம் ஏழு மாதமாக 'நாளைக்கு' சார் மேசையில் கிடந்தது. அதனால் நீ உன் கடவுச்சொல்லை எனக்குச் சொன்னாய். "பட்டியல் மட்டும் அடி. வேற எதையும் தொடாதே" என்றாய். அந்த வெள்ளிக்கிழமை நீ வீடு மாறிக்கொண்டிருந்தாய். மதியம் எல்லா இணையதளங்களிலும் ஒரே செய்தி: பெரியப்பாவில் ஓடும் மென்பொருளில் பெரிய ஓட்டை, இப்போதே புதுப்பியுங்கள், ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. உனக்கு போன் பண்ணினேன். "திங்கக்கிழமை நான் வந்து சோதனை பண்ணிட்டுப் போடலாம். அதுவரைக்கும் இணையத்தைத் துண்டிச்சு வை, போதும்" என்றாய். பின்னணியில் யாரோ "பீரோவைச் சாய்ச்சுப் பிடி" என்று கத்திக்கொண்டிருந்தார். உனக்கு அவசரம் புரியவில்லை என்று நினைத்தேன். நீ பழைய ஆள், எதற்கும் பயப்படுகிறவள் என்று நினைத்தேன். சுவரில் இருந்த உன் தாளைப் பார்த்துச் சிரித்தேன். 4.10க்கு உன் பெயரில் நுழைந்து போட்டேன். மறுதுவக்கம் செய்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

புதுப்பிப்பு தேதி அமைப்பைத் திருப்பிவிட்டது. நாள் இருந்த இடத்தில் மாதம். மறுநாள் ஜூன் 24. இருபத்துநான்காவது மாதம் என்று ஒன்று கிடையாது, அதனால் பட்டியல் முழுக்க வெற்றுத் தாள். நான் ஐந்து மணிக்கு அச்சு ஓடுகிற சத்தம் கேட்டதும் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை 214 பேருந்துகள் நின்ற இடத்தில் நின்றன. முப்பத்தேழு பிள்ளைகள் நுழைவுத் தேர்வுக்குப் போய்ச் சேரவில்லை. வாசலில் ஒரு அப்பா தன் பெண்ணின் அனுமதிச் சீட்டைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நான் நின்றேன். நீ அழுக்குச் சுடிதாரோடு மதியம் ஓடிவந்து ஒரே ஒரு வரியை மாற்றினாய். மறுதுவக்கம்கூடச் செய்யவில்லை. யார் செய்தது என்று நீ என்னிடம் கேட்கவும் இல்லை.

விசாரணையில் சொல்லலாம் என்றுதான் போனேன். அவர் "என்ன பார்த்தீங்க" என்று கேட்டார். "என்ன செய்தீங்க" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஆயிரம் நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

இதை உனக்கு எழுதிவிட்டேன். அலுவலகத்துக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 23, திங்கள்

தம்பிக்கு,

படித்தேன். கடையில் வைத்தே படித்துவிட்டேன், அது தப்பு. முதலாளியம்மா, "என்னம்மா, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஒருத்தன் வந்துட்டான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மின்விசிறியை மட்டும் போட்டுவிட்டார்.

நான் பூட்டை வேண்டுமென்றே வைத்தேனா என்று கேட்டாய். இல்லை. நான் முறைப்படி செய்தேன், அவ்வளவுதான். யாரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாலு பக்கம், பிழை திருத்தி, இரண்டு தடவை படியெடுத்து எழுதினேன். யாராவது படிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதினேன்.

போன கடிதத்தில் ஒரு பொய் சொன்னேன். கடவுச்சொல் என்னிடம் இல்லை என்றது பொய். நான் வைத்த எந்தக் கடவுச்சொல்லும் எனக்கு மறந்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுகூட விரல்கள் தானாக அடித்துப் பார்க்கும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளை மடித்துப் பின்னடித்திருக்கிறேன். அதில் இருக்கிறது. இருபது எழுத்து. பூஜ்யத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன். இதை வைத்து ஒப்படைப்பை முடி. கோப்பைத் திறக்க வேண்டாம். காரணம் எழுத வேண்டாம். ஏப்ரல் 15க்குப் போய்ச் சேர்.

உன் மேல் இரக்கப்பட்டு அனுப்புகிறேன் என்று நினைக்காதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு சனிக்கிழமை 612 பேர் வெற்றுத் தாளோடு நிற்பதை என்னால் தாங்க முடியாது. அந்தப் பெண்ணின் அனுமதிச் சீட்டை நானும் பார்த்தேன். வேலை போனாலும் நிர்வாகி என்கிற புத்தி போகமாட்டேன் என்கிறது. நான் அங்கே பெயரளவில் இன்னும் வேலையில்தானே இருக்கிறேன்.

நீ மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதிவிட்டாய். எனக்கு எழுதினாய். எனக்கு அது போதுமா என்று யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். அவர்களும் உங்களுக்குக் கேட்டு எழுதுவார்கள். உன் கடிதத்தை அவர்களிடம் காட்ட மாட்டேன், பயப்படாதே.

அணைக்கும் முன் காப்பு நகலை ஒரு தடவை திறந்து பார். நகல் இருக்கிறது என்பது வேறு, நகல் திறக்கிறது என்பது வேறு.

அக்கா


மார்ச் 27, வெள்ளி, மாலை 6.15.
நாட்கள்: 1008.

அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. நான் காரணம் எழுதிக் கொடுத்தது செவ்வாய்க்கிழமை. நீ அனுப்பிய மடித்த தாளின் பின்னைப் பிரிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பார்த்துக்கொள், இரண்டு ஓட்டைதான் இருக்கும், மூன்றாவது ஓட்டை இருக்காது.

பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. திங்கள் முழுக்கக் காரணம் எழுத எடுத்த தாளில் ஒரு வரி எழுதுவதும் கசக்குவதுமாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஓர் ஓட்டுநர் கீழே வந்தார். "தம்பி, சனிக்கிழமை கரண்ட் இல்லியாமே. என் பொண்ணுக்கு அன்னிக்குப் பரீட்சை, என்னை எந்தத் தடத்துல போட்டிருக்குனு பார்த்துச் சொல்லு" என்றார். சனிக்கிழமைப் பட்டியலை முன்கூட்டியே அடித்துப் பார்த்துச் சொன்னேன். பட்டியலுக்குக் கீழே வழக்கம்போல் 'வெளியிட்டவர்' என்று உன் பெயர். அவர் அதைப் படித்துவிட்டு, "இந்தம்மா இன்னும் இருக்காங்களா? அன்னிக்கு வந்து சரி பண்ணினவங்கதானே? நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கசக்கவில்லை.

'நாளைக்கு' சார் நான் எழுதியதை நின்றுகொண்டே படித்தார். "நல்லா யோசிச்சியா? இதை வாங்கினேன்னா நான் மேல அனுப்பியாகணும்." "வாங்குங்க சார்." "நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். "இன்னிக்கே சார்" என்றேன். முதல் தடவையாக அவர் அன்றைக்கே ஒரு வேலை செய்தார்.

நேற்றுக் காலை மூன்று பேர் முன்னிலையில் கோப்பைத் திறந்தார்கள். உறை இருக்கிற பக்கத்துக்கு நேராகப் போகச் சொன்னார்கள். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவர்கள் காத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய்: 'என் கணக்கு என் பொறுப்பு. கடவுச்சொல்லைப் பகிர்ந்தது என் தவறு. அந்த மாலை அதைப் பயன்படுத்தியவரை நான் பெயர் சொல்லப் போவதில்லை. அவர் வந்து சொல்வார். இடம் விட்டிருக்கிறேன்.' நாலாம் பக்கத்தில் 'புதுப்பிப்பை நிறுவியவர்' என்று எழுதி, புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குக் கீழே உறை.

புள்ளிக்கோட்டில் எழுதிவிட்டேன். பேனா மை சரியாக வரவில்லை, இரண்டு தடவை அழுத்தி எழுதினேன்.

விளைவுகள். ராஜினாமா நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மறுவிசாரணை ஏப்ரல் 20. அதுவரை எழுத்து அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. கடல் தாண்டிய நிறுவனத்துக்கு உண்மையை எழுதினேன், ஒரு மணி நேரத்தில் 'வருந்துகிறோம்' வந்துவிட்டது. வேகமான சர்வர். உன் பணிக் குறிப்பிலுள்ள 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை விசாரணை முடியும்வரை யாருக்கும் அனுப்புவதில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறேன். நகல் இணைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போ.

நான் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறேன், ஜன்னல் முளைக்கவில்லை. இன்று மதியம் உறையில் இருந்ததைச் சரிபார்க்கும் கட்டத்தில் போட்டேன். ஏற்றுக்கொண்டது. வேறு எதையும் தொடவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

நாளைக்குச் செய்யப் போவது:

1. காலை 7.00. ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் பட்டியலையும் அடிப்பேன். ஒவ்வொரு தாளையும் கையால் புரட்டுவேன். ஒன்று வெறுமையாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துவேன்.
2. காப்பு நகல் எடுப்பேன். வேறொரு இயந்திரத்தில் திறந்து பார்ப்பேன். திறந்தால்தான் அடுத்த வரிக்குப் போவேன்.
3. என் பெயரில் தலைமைக் கணக்கு தொடங்குவேன். பதிவேட்டில் முதல் குறிப்பு: 'ஜூன் 23, மாலை 4.10, புதுப்பிப்பை நிறுவியது நான்.'
4. வட்டின் பூட்டுக்குப் புதுக் கடவுச்சொல் வைத்து, உறையில் போட்டு, குறுக்கே கையெழுத்திட்டு, 'நாளைக்கு' சாரிடம் நாளைக்கே கொடுப்பேன். அவர் அதைப் பூட்டி வைக்கும்வரை நகர மாட்டேன்.
5. 9.20. கடிகாரத்தின் மேலிருந்து மௌஸை எடுப்பேன். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்வேன். பதினைந்து நிமிடம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பேன்.
6. 9.35. திரை பூட்டிக்கொள்ளும். உறையில் இருந்ததைப் போட்டு ஒரே ஒரு தடவை திறந்து, உன் பெயரிலிருந்து வெளியேறுவேன். பிறகு என் கணக்கிலிருந்து உன் கணக்கை முடக்குவேன். காரணம் கேட்கும் கட்டத்தில், 'இவர் இங்கே வேலை செய்யவில்லை' என்று எழுதுவேன்.
7. 9.50. பெரியப்பாவை அணைப்பேன்.
8. பத்து முதல் நாலு வரை மேலே போய்ப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். வண்டிகள் கிளம்புகின்றனவா என்று பார்ப்பேன்.
9. மாலை 4.00. பெரியப்பாவை எழுப்புவேன். எழுந்தால், யார் என்று கேட்பார். என் பெயரை அடிப்பேன்.